சிங்கப்பூரில் இரண்டு பேராகப் போனால் எந்த ஏரியாவில் ரூம் போடுவது?

சிங்கப்பூர் போகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற யோசனை, "முஸ்தபா பக்கத்திலேயே ரூம் போட்டுக்கோங்க, சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை" என்பதுதான். முஸ்தபா என்பது லிட்டில் இந்தியாவில் இருக்கிற பெரிய கடை. சாப்பாட்டைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இரண்டு பேராக மட்டும் கிளம்புகிறவர்களுக்கு அது சரியான இடமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பூகிஸ், கம்போங் கிளாம் பக்கம் ரூம் போடுங்கள், தேக்காவுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவை அங்கே இருக்கிற தமிழர்கள் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் தங்கியும் சுற்றியும் பார்த்த அளவில் மற்ற ஏரியாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஹோட்டல் தேடும்போது எல்லாரும் எது எதற்குப் பக்கம் என்றுதான் பார்க்கிறார்கள். மரினா பே எவ்வளவு தூரம், செந்தோசா தீவு எவ்வளவு தூரம் என்று. சிங்கப்பூரில் இந்தக் கணக்குக்குப் பெரிய அர்த்தம் இல்லை. எம்ஆர்டி, அதாவது அந்த ஊர் மெட்ரோ ரயில் ஸ்டேஷன் ஐந்து நிமிஷ நடையில் இருந்தால் ஊரே பக்கம்தான், பகல் முழுக்க எப்படியும் வெளியில்தான் இருக்கப் போகிறோம். அதனால் நான் பார்ப்பது இரண்டே நேரம். காலை ஏழு மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும், ராத்திரி பத்தரை மணிக்கு எப்படி இருக்கும். எங்க வீட்டுக்காரருக்குக் கண் விழித்ததும் காபி வேண்டும், அது கிடைக்கும்வரை அவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. எனக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு நடை வேண்டும், யாரையும் இடிக்காமல், எதையும் வாங்காமல், பேசிக்கொண்டே. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் அதுதான் எங்கள் ஏரியா.

முதலில் தேக்கா. காலை நேரத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். தேக்கா சென்டரில் தோசைக் கல் சூடேறுகிற நேரத்தில் போய் உட்கார்ந்தால் வெளிநாடு வந்த மாதிரியே இருக்காது. கேம்பல் லேனில் பூக்கடைகளில் மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சீனிவாசப் பெருமாள் கோயில். 1947-லிருந்து இருக்கிற கோமள விலாஸும் இதே சாலையில்தான். வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மாறாமலே ஹார்பர்ஃபிரண்ட், அங்கிருந்து செந்தோசா. இன்னொரு பாதையும் இதே ஸ்டேஷனில் வந்து சேர்கிறது. வசதி என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

ராத்திரிக்குத்தான் எனக்கு ஒத்துவரவில்லை. நடைபாதை முழுக்கக் கடை, கடை முழுக்கச் சாமான், அதற்கு நடுவில் ஆள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவே முடியாது, ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து கட்டுமான வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாள் அது. ஊருக்குப் பணம் அனுப்ப, மளிகை வாங்க, கூட வேலை பார்த்த சிநேகிதனைப் பார்க்க என்று தீவு முழுக்க இருந்து இங்கேதான் வருவார்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து போனில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய நாள், அவர்களுடைய இடம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஊர் சுற்ற வந்த நாம்தான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, 2015-இல் வந்த சட்டப்படி சிங்கப்பூர் முழுக்கவே ராத்திரி பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. தேக்காவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். ஒரு பீர் டப்பாவோடு தெருவில் உட்காரலாம் என்று நினைக்கிற வீட்டுக்காரர்கள் கவனிக்க.

தேக்காவில் ரூம் போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் ரூமேதான். அங்கேயும் ஜாலான் புசார் பக்கமும் இருக்கிற சின்ன ஹோட்டல்கள் பல, பழைய கடைவீடுகளை உள்ளே மாற்றிக் கட்டியவை. முன்னால் அகலம் கம்மி, உள்ளே நீளம் ஜாஸ்தி. தெருவைப் பார்த்த முன் அறைக்கு மட்டும் ஜன்னல், நடுவில் இருக்கிற அறைகளுக்கு வெளிச்சத்துக்கு வழியே கிடையாது. புக்கிங் தளத்தில் போட்டோவைப் பார்த்தால் தெரியாது, கீழே சின்ன எழுத்தில் "ஜன்னல் இல்லை" என்று இருக்கும். அப்படி ஓர் இடத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் தரைவரை தொங்குகிற அழகான திரை இருந்தது. விலக்கினால் சுவர். வெள்ளைப் பெயின்ட் அடித்த வெறும் சுவர், அதற்கு மேலே திரைக்கம்பி மட்டும் ஒழுங்காக மாட்டியிருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். தூங்கி எழுந்தால் மணி ஆறா பத்தா என்று போனைப் பார்த்தால்தான் தெரியும். தனியாக வேலை விஷயமாக வருகிறவருக்குச் சரி. இரண்டு பேர் சந்தோஷமாக இருக்க வந்த இடத்தில் எதற்கு இந்த வனவாசம்? வரவேற்பில் கேட்டதற்கு, "இந்த விலைக்கு இதுதான் மேடம்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் ஒரு விதத்தில் நியாயம்தான்.

சரி, பூகிஸ். டவுன்டவுன் ரயில் பாதையைப் படத்தில் எடுத்துப் பாருங்கள். பூகிஸிலிருந்து ஒரு பக்கம் ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. இன்னொரு பக்கம் புரொமனாட், அடுத்தது பேஃபிரண்ட், அதாவது மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் வாசல். தோசைக்கும் இரண்டு ஸ்டேஷன், மரினாவுக்கும் இரண்டு ஸ்டேஷன். பச்சை நிறக் கிழக்கு மேற்குப் பாதையும் இங்கேயே இருப்பதால் சாங்கி விமான நிலையத்துக்குத் தானா மேராவில் ஒரே ஒரு மாற்றம்தான். தேக்காவுக்கு ரயிலே வேண்டாம், காலையில் வெயில் ஏறுவதற்குள் பதினைந்து நிமிஷம் நடந்தால் போதும். எங்க வீட்டுக்காரர் தினமும் அப்படித்தான் போய்விட்டு வந்தார், நான் எழுந்து குளித்து முடிப்பதற்குள் இட்லிப் பொட்டலத்தோடு ரூமில் நிற்பார்.

பூகிஸ் ஸ்டேஷனிலிருந்து நார்த் பிரிட்ஜ் சாலையைத் தாண்டி உள்ளே போனால் கம்போங் கிளாம். பழைய மலாய், அரபு வியாபாரிகளின் பேட்டை. நடுவில் சுல்தான் பள்ளிவாசல், இப்போதிருக்கிற கட்டடம் 1932-இல் முடிந்தது. அதன் தங்கநிறக் குவிமாடத்தை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், குவிமாடத்துக்கு அடியில் ஓடுகிற கறுப்புப் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்சம் கிட்டே போய் அண்ணாந்து பாருங்கள், அது முழுக்கக் கண்ணாடி பாட்டில்களின் அடிப்பாகம். பள்ளிவாசல் கட்ட வசதியானவர்கள் பணம் கொடுத்தபோது, ஏழைகளும் பங்கெடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்களிடம் வாங்கிய பாட்டில்கள். வரிசை வரிசையாகச் செருகி வைத்திருக்கிறார்கள், வெயில் படும்போது மின்னுகிறது. இதைப் பார்த்துவிட்டு எதிரே புசோரா ஸ்ட்ரீட்டில் நடந்தால் வண்டிகள் கிடையாது, இரண்டு பக்கமும் பனை மாதிரி மரங்கள், முடிவில் திரும்பிப் பார்த்தால் மறுபடி குவிமாடம். ராத்திரி விளக்கு போட்டதும் நான் கேட்ட அந்த நடை இங்கேதான் கிடைத்தது. பேசிக்கொண்டே பாக்தாத் ஸ்ட்ரீட் பக்கம் வந்தால் சரபாத் ஸ்டாலில் இஞ்சி டீ, தே ஹாலியா என்று கேட்க வேண்டும். சர்க்கரை தூக்கலாக இருக்கும், வேண்டாமென்றால் "கோசோங்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பசி இருந்தால் நார்த் பிரிட்ஜ் சாலையில் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-லிருந்து நடக்கிற சம் சம் கடையில் முர்தபா. நம்ம ஊர் முட்டை லாபாவின் பணக்காரச் சொந்தக்காரன். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம், இரண்டு வாங்கி மல்லுக்கட்டாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முகம் சுளிக்க வேண்டாம். கம்போங் கிளாமுக்குள் சைவம் கம்மிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூகிஸின் அந்தப் பக்கம், வாட்டர்லூ ஸ்ட்ரீட் இருக்கிறது. அங்கே கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். குவான் யின் கோயிலுக்கு வருகிற சீனப் பாட்டிகள் கையில் ஊதுபத்தியோடு அப்படியே நகர்ந்து வந்து கிருஷ்ணன் வாசலிலும் நின்று கும்பிட்டு, அங்கே வைத்திருக்கிற தொட்டியில் பத்தியைச் செருகிவிட்டுப் போகிறார்கள். அவசரமே இல்லாமல், தினமும் செய்கிற வேலை மாதிரி. நான் அங்கேயே ஒரு ஓரமாக நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குவான் யின் பக்தர்கள் நிறையப் பேர் சைவம் என்பதால் பக்கத்தில் மிடில் ரோட்டில் இருக்கிற ஃபார்ச்சூன் சென்டர் கட்டடத்தில் சீன சைவக் கடைகள் நிறைய. பார்க்க மீன் மாதிரி இருக்கும், சோயாதான், தைரியமாகச் சாப்பிடலாம். வெங்காயம் பூண்டு சேர்க்காத கடைகள்கூட உண்டு, செவ்வாய் வெள்ளி பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ராத்திரி ஏறுகிற விமானங்கள் விடியற்காலையில் இறக்கிவிடும். ஹோட்டலில் ரூம் பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான். பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நடுவில் இருக்கிற நேரத்தை எங்கே கழிப்பது என்பதும் ஏரியாவைப் பொறுத்ததுதான். பூகிஸில் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. நல்ல ஏசி, உட்கார நாற்காலி, தமிழ்ப் புத்தகங்கள், காசு கிடையாது. தூக்கக் கலக்கத்தில் மாலில் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

குறை இல்லாமல் இல்லை. ஹாஜி லேன் என்ற குறுகலான சந்து பகலில் துணிக்கடை, ஓவியம் வரைந்த சுவர், போட்டோ எடுக்கிற பெண்பிள்ளைகள். வெள்ளி, சனி ராத்திரி அதே சந்தில் பார், பாட்டு, கூச்சல். அதற்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ ரூம் என்றால் தூக்கம் போச்சு. பீச் ரோடு பக்கமோ ஜாலான் சுல்தான் பக்கமோ கொஞ்சம் தள்ளிப் போங்கள். ரமலான் மாதத்தில் ராத்திரி இங்கே சாப்பாட்டுக் கடைகளும் ஜனமும் திமுதிமுவென்று இருக்கும், எங்களுக்கு அது பிடித்திருந்தது, அமைதி தேடுகிறவர்களுக்குப் பிடிக்காது. அப்புறம் விலை. தேக்காவில் இருப்பதைவிட இங்கே அதே அளவு ரூமுக்கு அதிக விலை கேட்பார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் பச்சைப் பாதையில் ஒரே ஸ்டேஷன் தள்ளி லாவெண்டர். பெரிய, சாதாரண ஹோட்டல்கள், தெருவில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் ஜன்னல் இருக்கும். ராத்திரி கம்போங் கிளாம் வரை நடந்து வந்துவிட்டுத் திரும்பலாம்.

மரினா பே. கல்யாண நாள், பிறந்த நாள் என்று ஏதாவது இருந்து கையில் காசும் இருந்தால் ஒரே ஒரு ராத்திரி, அதுவும் கடைசி ராத்திரி. மரினா பே சாண்ட்ஸ் மேல்மாடியில் இருக்கிற அந்த நீச்சல்குளத்துக்கு அங்கே தங்குகிறவர்களை மட்டும்தான் விடுவார்கள், அதற்குத்தான் அந்த விலை. குளம் வேண்டாமென்றால் அங்கே தங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கார்டன்ஸ் பை த பேயில் 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கிற மர விளக்குக் காட்சி இலவசம், கரையில் நடக்கிற நீர் விளக்குக் காட்சியும் இலவசம். பார்த்துவிட்டு பேஃபிரண்டில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கித் தூங்கப் போகலாம். ரூமை விட்டு இறங்கினால் அங்கே மால்தான், ஒரு காபி குடிக்கக்கூட யோசிக்க வேண்டும். காலை ஏழு மணிப் பரீட்சையில் சுத்தமாக ஃபெயில்.

சைனாடவுன் எனக்கு இரண்டாவது தேர்வு. 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கிறது, அதே வரிசையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி புத்தர் பல் கோயில். கியோங் சைக், ஆன் சியாங் ஹில் தெருக்களில் பழைய கடைவீடுகளை அழகாக மாற்றிய ஹோட்டல்கள் இருக்கின்றன, தெருவும் ராத்திரியில் நடக்க நன்றாக இருக்கும். மேக்ஸ்வெல் சாப்பாட்டுக் கூடம் கோழி, மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். சைவக்காரருக்குக் காலைச் சாப்பாடு கொஞ்சம் சிரமம், அது ஒன்றுதான். கிளார்க் கீ வேண்டாம், ஆற்றங்கரை அழகுதான், ஆனால் ராத்திரி சத்தம். அதே ஆற்றில் இன்னும் மேலே ராபர்ட்சன் கீ அமைதியாக இருக்கும், விலை தலை சுற்றும். ஆர்ச்சர்ட் ஷாப்பிங் பண்ண வருகிறவர்களுக்கு.

கேலாங் பற்றி ஒரு வார்த்தை. புக்கிங் தளத்தில் விலைவரிசைப்படி போட்டால் முதலில் வந்து நிற்பது இதுதான். சாப்பாடு அருமையான ஏரியா, ராத்திரி முழுக்கக் கடை திறந்திருக்கும். ஆனால் இரட்டைப்படை எண் சந்துகளில் சிவப்பு விளக்குத் தொழில் நடக்கிறது, மணிக்கணக்கில் ரூம் விடுகிற ஹோட்டல்களும் உண்டு. பயமெல்லாம் ஒன்றுமில்லை, சிங்கப்பூர்தானே. இருந்தாலும் ராத்திரி கைகோத்துக்கொண்டு நடக்க அந்தத் தெரு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்கெனவே ஒருமுறை போய் மரினாவெல்லாம் பார்த்து முடித்தவர்கள் காத்தோங், ஜூ சியாட் பக்கம் யோசிக்கலாம். பூ வேலைப்பாடு ஓடு பதித்த பெரனாக்கான் (சீன, மலாய் கலப்பு வம்சத்தவர்) வீடுகள், தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ் போட்ட லக்சா கடைகள், சிலோன் சாலையில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய செண்பக விநாயகர் கோயில், நடந்து போனால் கடற்கரைப் பூங்கா. முன்பெல்லாம் பஸ்ஸை நம்பித்தான் இருக்க வேண்டும், 2024 ஜூனில் மரின் பரேட் பக்கம் எம்ஆர்டி வந்த பிறகு அந்தக் குறை போய்விட்டது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

காசு விஷயம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்த மொத்தத்துக்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 200 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று போட்டிருக்கிற ரூம் கடைசியில் 239.80. ஒரு தளத்தில் வரியோடும் இன்னொன்றில் வரியில்லாமலும் காட்டுவார்கள், அதைப் பார்க்காமல் மலிவு என்று சந்தோஷப்படாதீர்கள். ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கிற வார இறுதியில் மரினா பே பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், பூகிஸ் வரை ரூம் விலை எகிறும். வழக்கமாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், தேதி பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். எம்ஆர்டியில் பேங்க் கார்டையே தட்டிப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் இரண்டு பேர் நுழைய முடியாது. நடுராத்திரிக்கு மேல் ரயில் இல்லை, மீட்டர் டாக்சியில் அப்போது 50 சதவீதம் கூடுதல். ராத்திரி சுற்றுகிற இடம் ரூமிலிருந்து நடை தூரத்தில் இருந்தால் இந்தச் செலவே வராது, பூகிஸுக்குக் கொடுத்த அதிக விலையில் பாதி இதில் திரும்பிவிடும்.

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு தேக்காவிலேயே ரூம் போடுங்கள். அவர்களுக்குக் கோயிலும் இட்லியும் தமிழில் எழுதிய போர்டும் தெரு முனையில் இருந்தால் போதும், முஸ்தபாவில் நள்ளிரவு தாண்டியும் தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு பேர் மட்டும் என்றால், புக்கிங் முடிந்த கையோடு ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஜன்னல் உண்டா, அது தெருவைப் பார்க்கிறதா உள் முற்றத்தைப் பார்க்கிறதா, கட்டில் ஒன்றா இரண்டா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், "டபுள் அல்லது ட்வின்" என்று போட்டிருந்தால் அவர்களிடம் காலியாக இருப்பதைத்தான் கொடுப்பார்கள், கல்யாண நாளுக்குப் போய் நடுவில் ஒரு மேசை விளக்கோடு ஆளுக்கொரு கட்டிலில் படுக்க வேண்டியிருக்கும்.